தலைவர் இல்லாமலே ஊராட்சி நன்றாகத்தானே நடக்கிறது?

கேள்வி (9.3.2025)

ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சியில் தலைவர், உறுப்பினர் எல்லோருக்கும் பதவி முடிந்துவிட்டது. இரண்டு மாதமாகத் தனி அலுவலர்தான். தண்ணீர் வருகிறது, தெருவிளக்கு எரிகிறது, குப்பை வண்டி வருகிறது. கோஷ்டிச் சண்டை இல்லை, கமிஷன் பேச்சு இல்லை. இப்படியே விட்டுவிட்டால் என்ன? ஊராட்சிக்குத் தேர்தல் அவசியம்தானா?

9.3.2025, இரவு

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 2020 ஜனவரியிலிருந்து இந்த ஜனவரி வரை நான் வார்டு உறுப்பினர். டெல்டாவின் கடைமடையில் ஒன்பது வார்டு உள்ள ஊராட்சி. தையல் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், இங்கே எழுதுவது யாரையும் காட்டிக்கொடுக்க அல்ல.

தண்ணீர் வருகிறது என்கிறீர்களே, உங்கள் வீடு தொட்டிக்குப் பக்கத்திலா, குழாயின் கடைசியிலா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

10.3.2025

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். விடியற்காலையில் ஆபரேட்டர் மோட்டார் போடுவார். ஆறு மணிக்கு மேலத் தெருவுக்குத் திறப்பார், ஏழுக்கு நடுத்தெரு, ஏழரைக்குக் காலனி. தொட்டியடியில் ஒரு குழி இருக்கும், அதற்குள் மூன்று கேட் வால்வு வரிசையாக. மேலத் தெரு வால்வை முழுதாக மூடாமல் இரண்டு சுற்று விட்டால் போதும், காலனிக் குழாயில் காற்றுதான் வரும். குடத்தை வைத்தால் புஸ்ஸென்று சத்தம் கேட்கும், அப்புறம் நாலு சொட்டு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வால்வின் மரை தேய்ந்திருக்கும், இறுக்கினாலும் நிற்காது. ஆனால் அந்த இரண்டு சுற்றினால் நாற்பது வீட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

நான் உறுப்பினராக இருந்தபோது, அப்படி நடந்தால் எட்டு மணிக்கு என் வாசலில் காலிக் குடத்தோடு ரெண்டு பேர் நிற்பார்கள். "மெம்பரக்கா, இன்னிக்கும் வரல." அடுப்பை அணைத்துவிட்டுத் தொட்டியடிக்குப் போவேன். சில நாள் திட்டும் விழும், "ஓட்டுக் கேக்க வந்தப்ப மட்டும் வழி தெரிஞ்சுதா" என்று. அதைக் கேட்டுக்கொள்ளத்தான் அந்தப் பதவி.

இப்போது அந்தக் குடம் யார் வாசலுக்குப் போகும்? தனி அலுவலர் என்பவர் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சி, 388 ஒன்றியம். வகுத்தால் ஒருவர் தலையில் சராசரியாக 32 ஊர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாற்பது வீட்டு வால்வு அவர் காதுக்கு எட்டாது.

10.3.2025, மாலை

"ஆபரேட்டரிடம் நேராகச் சொல்ல வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறார்கள். அவர் மேலத் தெருக்காரர். தங்கமான மனிதர்தான், ஆனால் மேலத் தெரு வால்வை ஏழு மணிக்கு மூடினால் அவருடைய பெரியப்பா வீட்டிலிருந்தே சத்தம் வரும். "மெம்பர் மூடச் சொன்னாங்க" என்று சொல்ல அவருக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. இதை அவரே என்னிடம் சொன்னார், பதவி முடிந்த மறுவாரம்.

16.3.2025

கஜா புயலை மறந்துவிட்டோமா? 2018 நவம்பர் 16 விடியற்காலை. அன்றைக்கும் தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சிக்கும் தலைவர் கிடையாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அந்த மாதமே பதவிக்காலமும் முடிந்தது, 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்கள்தான்.

காலையில் வெளியே வந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. மோட்டார் ஓடினால்தான் தொட்டியில் தண்ணீர் ஏறும். நாலாம் நாள் ஒரு ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். நாலு ஊருக்கு ஒரு ஜெனரேட்டர். எந்த ஊருக்கு முதலில், எத்தனை மணி நேரம் என்று தீர்மானிக்க ஒரு ஆள் இல்லை. லாரி டிரைவர் பாவம், சின்னப் பையன், எந்தப் பக்கம் திருப்பினாலும் நூறு பேர் மறிக்கிறார்கள். மண்ணெண்ணெய், தார்ப்பாய், அரிசி எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும். யார் வீட்டில் கூரை போயிற்று, எந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்பது வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. பட்டியல் மூன்று தடவை போட்டார்கள், மூன்றிலும் ரோட்டோரத்து வீடுகள் இருந்தன, உள்ளே வாய்க்கால் கரையில் இருந்த ஏழு குடிசை இல்லை.

நான் தேர்தலில் நின்றதே அந்த ஏழு குடிசைக்காகத்தான்.

17.3.2025

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போனது, அது நியாயமில்லை. "ஒரு ஆள் இல்லை" என்று எழுதினேன். இருந்தார். 1996-இல் தலைவராக இருந்து பத்து வருடம் முன்பே ஒதுங்கிவிட்ட பெரியவர். அந்த டிரைவர் பையனைத் திண்ணையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, பக்கத்து மூன்று ஊரிலிருந்தும் ரெண்டு ரெண்டு பேரை வரச் சொல்லி, சாக்குக்கட்டியால் திண்ணையிலேயே நேரம் எழுதினார். ஊருக்கு ஆறு மணி நேரம். அதற்கப்புறம் மறியல் இல்லை. அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது, பத்து வருடம் ஜனங்கள் திட்டிப் பழகிய முகம் என்பதுதான் இருந்தது.

தனி அலுவலர் அம்மா ஏழாம் நாள் எங்கள் ஊருக்கு வந்தார். காலில் செருப்பு பிய்ந்திருந்தது. நாங்கள் கத்தினோம், அவர் நின்று கேட்டார். அவருக்கு முப்பதுக்கு மேல் ஊர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

23.3.2025

நீங்கள் சொன்ன கோஷ்டிச் சண்டைக்கு வருகிறேன். இருந்தது. மறைக்க மாட்டேன். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். எங்கள் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஒரு கோயில் திருவிழாவில் பேச்சு நின்றுபோய், எல்.இ.டி. பல்பு வாங்கிய பில் இரண்டு மாதம் கிடந்தது. ஊர் இருட்டில் இருந்தது. கடைசியில் உறுப்பினர்கள் ஆறு பேர் துணைத் தலைவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். அவருடைய அம்மா வந்து, "ஏண்டா, ஊர்ப் பொம்பளைங்கள வாசல்ல உக்கார வச்சிருக்க" என்று ஒரு சத்தம் போட்டார். ராத்திரியே தீர்ந்தது.

கமிஷன் பற்றியும். ஒரு கூட்டத்தில் கைப்பம்பு பழுதுபார்த்த செலவு வந்தது. எங்கள் வார்டு பம்பும் அதில் இருந்தது. அது அந்த மாதம் பழுதாகவே இல்லை. எழுந்து கேட்டேன், கை நடுங்கியது. அந்த வரியை அடித்து மீண்டும் எழுதினார்கள். அப்படிக் கேட்பதற்கு இன்று கூட்டமே கிடையாது. செலவு மட்டும் நடக்கிறது.

23.3.2025, சற்றுமுன்

தேர்தல் நடத்தினால் வீண் செலவுதானே என்று கேட்டவருக்கு: தேர்தல் நடக்காவிட்டால்தான் நஷ்டம். நிதி ஆணையம் வழியாக மத்திய அரசு தரும் மானியம், தேர்ந்தெடுத்த அமைப்பு இருந்தால்தான் ஊராட்சிக்கு வரும். 2016-க்குப் பிறகு அந்தப் பணம் தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. வீட்டு வரியை மட்டும் வைத்து எங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டக்கூட முடியாது.

6.4.2025

உத்திரமேரூர் கல்வெட்டை யாரோ இழுத்துவிட்டார்கள். குடவோலை முறை, பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய சொந்தக்காரனும் அடுத்து நிற்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த ஒரு விதியை இன்றைக்கே கொண்டுவரலாம். ஆனால் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குடத்துக்குள் என் பெயர் ஓலை ஒருநாளும் விழுந்திருக்காது. என் வார்டில் இருக்கும் யாருடைய பெயரும் விழுந்திருக்காது. எனக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம்தான் பெரியது. 1996-இல் இருந்தே பாதி இடம் பெண்களுக்கு என்று வைத்தது அதுதான்.

7.4.2025

திருத்தம். ஒரு தம்பி சரியாகச் சுட்டிக்காட்டினார். 1996-இல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். பாதி என்று ஆனது 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தில், அதன்படி நடந்த முதல் தேர்தல் 2019 டிசம்பர். அதாவது நான் நின்ற தேர்தல். என் வார்டு பெண்கள் வார்டு ஆனதே அதனால்தான். இதை நானே தப்பாக எழுதியது வருத்தமாக இருக்கிறது.

13.4.2025

"பெண்கள் வார்டு என்றால் புருஷன்தானே மெம்பர்" என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஊரில் அப்படித்தான். எங்கள் ஊரில் ஒரு அக்கா முதல் வருடம் கூட்டத்துக்கே வரவில்லை, அவருடைய வீட்டுக்காரர் நோட்டை வீட்டுக்கு வாங்கிப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார். அப்புறம் கொரோனா வந்தது. அவருடைய தெருவில் யார் வீட்டில் ரேஷன் இல்லை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஜனங்கள் அவரைத் தேடிப் போனார்கள். மூன்றாம் வருடம் அவர் கூட்டத்துக்கு வந்து, உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். "முதல்ல எழுதுனதப் படிங்க, அப்புறம் கையெழுத்து" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருக்கு மூன்று வருடம் ஆனது. இப்போது ஆட்டத்தைக் கலைத்துவிட்டால், அடுத்த முறை வருகிறவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

30.4.2025

நான் மேலே "காலனி" என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதல்வர் நேற்று சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் ஊரில் அந்தத் தெருவுக்குக் கிழக்குத் தெரு என்று பெயர் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. இனி சொல்கிறேன்.

2.5.2025

நேற்று மே தினக் கிராம சபை. ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள், முந்தின நாள் சாயங்காலம். எங்கள் ஊரில் மூவாயிரத்துக்குள் ஜனம், நூறு பேர் வந்தால்தான் சபை செல்லும். பந்தலில் நான் எண்ணிப் பார்த்தபோது ஐம்பத்து நாலு. நோட்டில் கையெழுத்து நூறைத் தாண்டிவிட்டது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டு போய்வந்திருந்தது.

தனி அலுவலர் வரவில்லை, சபையைப் பார்த்துக்கொள்ளப் பற்றாளர் என்று ஓர் அலுவலரை அனுப்பியிருந்தார். நல்ல பையன், வேறு துறை. வரவு செலவைப் படித்தார். கிழக்குத் தெருவில் எழுபது வயது அம்மா ஒருவர் எழுந்து, "தம்பி, நூறு நாள் கூலி அஞ்சு மாசமா வரல, வால்வும் மாத்தல. நான் யாரக் கேக்குறது?" என்றார். அந்தப் பையன், "மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன் பாட்டி" என்றார். பாட்டி, "மேல யாரு இருக்கா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பந்தலில் யாரும் சிரிக்கவில்லை.

கூலி விஷயம் எந்தத் தலைவர் கையிலும் இல்லை, பணம் மத்திய அரசிலிருந்து வர வேண்டும். அதை அந்தப் பாட்டியிடம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். வால்வு ஊர் விஷயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

3.5.2025

ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாங்கள் பதவியில் இருந்த காலத்தைப் பொற்காலம்போல எழுதுகிறேனோ என்று தோன்றியது. கிராம சபை என்று பார்த்தால் 26.1.2020-க்குப் பிறகு அடுத்தது 2.10.2021. கொரோனாவைக் காரணம் காட்டி இருபது மாதம் சபை கூடவில்லை. சந்தை திறந்திருந்தது, டாஸ்மாக் திறந்திருந்தது, கிராம சபை மட்டும் இல்லை. நாங்களும் போராடிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

15.6.2025

மீண்டும் அதே கேள்வியை இன்னொருவர் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்: "அதிகாரி என்றால் சாதி பார்க்காமல் நடத்துவார், தேர்தல் என்றால் சாதிதான் ஜெயிக்கும்."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகப் பத்து வருடம் அங்கே தேர்தலையே நடத்தவிடவில்லை. யாராவது ஜெயித்தால் உடனே ராஜினாமா. 2006-இல்தான் ஒழுங்காக நடந்தது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அந்த நாற்காலியில் ஒன்றும் இல்லையென்றால் அதற்காக ஏன் ஆறு உயிரை எடுத்தார்கள்? தனி அலுவலரே போதும் என்று சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலி காலியாக இருக்க வேண்டும் என்றுதான் அவர்களும் விரும்பினார்கள்.

எங்கள் தலைவரும் ஒதுக்கீட்டில் வந்தவர்தான், கிழக்குத் தெருக்காரர். முதல் கூட்டத்தில் அவருக்கு ஸ்டூல் போட்டிருந்தது, நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவரே கடைக்குப் போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து போட்டு உட்கார்ந்தார். பில்லை ஊராட்சிக் கணக்கில் வைக்கவில்லை. ஜனவரியில் போகும்போது எடுத்துப்போகவும் இல்லை. அலுவலகத்தில் இன்னும் கிடக்கிறது, மேலே குப்பை ரசீது புத்தகக் கட்டு வைத்திருக்கிறார்கள்.

20.7.2025

எப்போது தேர்தல் என்று கேட்பவர்களுக்கு: 28 மாவட்டங்களில் 9,624 ஊராட்சித் தலைவர் இடமும் 76,746 வார்டு உறுப்பினர் இடமும் ஜனவரியிலிருந்து காலி. பல ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சியோடு சேர்க்கிறார்கள், வார்டு மறுவரையறை முடியவில்லை என்பது சொல்லப்படும் காரணம். ஆனால் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243E பிரிவு சொல்கிறது. ஐந்து வருடம் முன்னாலேயே தெரிந்த தேதிதானே இது.

பக்கத்து ஊராட்சியையும் நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. அங்கே பெண்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான், நூறு நாள் வேலை போய்விடும். இந்த வருடக் கூலி நாளுக்கு 336 ரூபாய். அதற்குப் பதில் நகராட்சி என்ன தரும் என்று கேட்கிறார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

17.8.2025

சுதந்திர தினக் கிராம சபை முடிந்தது. இந்தத் தடவை நாங்கள் கொஞ்சம் தயாராகப் போனோம். பழைய உறுப்பினர்கள் ஐந்து பேர், கட்சி பேதம் பார்க்காமல், ஒரு வாரம் வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டோம். மேலே சொன்ன அந்த அக்கா தன் தெருவிலிருந்து மட்டும் முப்பது பேரைக் கூட்டிவந்தார். நூற்று முப்பதுக்கு மேல் ஜனம், பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். முதலில் படிக்க வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டோம். பற்றாளர் மறுக்கவில்லை.

தீர்மானத்தில் நாங்கள் சேர்க்கச் சொன்னது மூன்று. தேர்தலை உடனே நடத்த வேண்டும். தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டிச் சுவரிலேயே எழுத வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் என்றால் எங்கள் தொட்டிக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர், போட்டார்களா என்று அதில் தெரியும். மூன்றாவது, கிழக்குத் தெரு வால்வு. பாட்டிதான் அதைச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதச் சொன்னோம். "தண்ணி வரும் வால்வ மாத்தணும்" என்று எழுதியிருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர் நேற்று எனக்குப் பதில் போட்டிருந்தார். தன் வீடு தொட்டிக்கு இரண்டாவது வீடு என்று. அதை ஒத்துக்கொண்டு எழுதியதற்கு நன்றி. ஒருநாள் காலையில் உங்கள் ஊர்க் குழாயின் கடைசி வீடு வரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள், பார்த்ததை இங்கே எழுதுங்கள்.

17.8.2025, இரவு

ஒன்றிய அலுவலகத்தில் வால்வுக்கு மதிப்பீடு போட்டு அனுப்ப ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை தேய்ந்த மரைக்கு நூல் சுற்றி இறுக்கிப் பார்க்கலாம் என்கிறார் ஆபரேட்டர். நாளை காலை ஐந்தரைக்கு நானும் தொட்டியடிக்குப் போகிறேன். யாரிடமாவது மூன்று அங்குல கேட் வால்வு பழையது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.